உங்களுக்குத் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரிலும் பளிச் வீடியோ கால்!

வீடியோ காலில் உங்கள் முகம் விநாடிக்கு 30 முறை படமாகிறது. 720பி தரத்தில் ஒரு படத்துக்கு 9,21,600 புள்ளிகள். அப்படியானால் ஒரு விநாடிக்கு? 2 கோடியே 76 லட்சம் புள்ளிகள்! அத்தனையையும் உட்கார்ந்து சுருக்குவது உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்தான்!

சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 66 கோடி பிட் ஓட வேண்டும். இருவர் பேசும் 720பி காலுக்கு ஜூம் கேட்பதோ 12 லட்சம்தான்! ஏறக்குறைய 550 மடங்குச் சுருக்கம்! மெஷினுக்கு மூச்சு வாங்காதா பின்னே?

தரத்தை 360பிக்கு இறக்கிப் பாருங்கள். புள்ளிகள் மிகச் சரியாக நாலில் ஒரு பங்காகிவிடும்! ஜூம் செட்டிங்ஸில் 'ஹெச்டி' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் போதும். ஒரு பைசா செலவில்லை!

முதுகுக்குப் பின்னால் மாலத்தீவுக் கடற்கரையை வைத்துக்கொண்டு பேசுகிறீர்களா? உங்கள் தலைமுடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டர் படத்துக்குப் படம் கணக்குப் போட்டாக வேண்டும். பேசுகிற நேரம் முழுக்க! பழைய மெஷினை இதைவிடத் திணறடிப்பது வேறில்லை. வெறும் சுவரே அழகு!

குடும்பமே கூடிவிட்டதா? திரையில் 9 முகம் என்றால் விரித்துக் காட்ட 9 வீடியோ! 'ஸ்பீக்கர் வியூ'வுக்கு மாறுங்கள். பேசுபவர் மட்டும் பெரிதாகத் தெரிவார். மெஷின் நிம்மதியாகும்!

படம் விட்டுவிட்டு வருகிறதா? நெட்காரரைத் திட்டும் முன் டியூப்லைட்டைப் போடுங்கள்! ஆமாம், டியூப்லைட்! வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்கின்றன. விநாடிக்கு 30 படம் வர வேண்டிய இடத்தில் 15 படம்தான் வரும்! பாதிக்குப் பாதி போச்சு! விளக்கு உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி மட்டும் உட்காராதீர்கள். இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

வெப்கேமிலிருந்து வரும் 720பி படம், நிற விவரத்தை மட்டும் குறைத்து, மற்றபடி சுருக்கப்படாமல் வந்தாலும் விநாடிக்கு 44 கோடி பிட். யு.எஸ்.பி 2.0 வயரின் கொள்ளளவே 48 கோடி, அதுவும் காகிதத்தில்தான்! அதனால் பல வெப்கேம்கள் தாமே படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. கம்ப்யூட்டர் அதை விரித்து, மறுபடி சுருக்கி, நெட்டில் விடுகிறது. ஒரே முகத்துக்கு இரண்டு சுருக்கல்! வெப்கேமை ஹப்பில் பென் டிரைவோடு சேர்த்துச் சொருகாதீர்கள். அந்த 48 கோடியிலும் பங்கு போய்விடும்!

பென் டிரைவ் என்றதும் இன்னொன்று. யு.எஸ்.பி 3.0 கருவிகள் வை-ஃபையைக் கெடுக்கும்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே அவை இரைச்சலைக் கிளப்புகின்றன. 2012-இல் இன்டெல் நிறுவனமே அளந்து சொன்ன உண்மை இது! நீல நிற ஓட்டையில் சொருகியிருக்கும் டிரைவைக் கால் முடியும்வரை பிடுங்கி வையுங்கள்!

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்! அதே அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத வை-ஃபை சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே மூன்று! முழு அபார்ட்மென்ட்டுக்கும் அவ்வளவுதான்! ஒரு லேன் கேபிளை இழுத்துப் போடுங்கள். எல்லா இடியும் தீர்ந்தது!

சூடு ஏறினால் சி.பி.யூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்! பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் சூடு! மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேனில் அடைந்த தூசியை ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். இழந்த வேகம் இலவசமாகத் திரும்பும்!

ராம் ஒரே ஒரு ஸ்டிக்தான் இருக்கிறதா? டூயல் சானல் போர்டில் அதே மாதிரி இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் போடுங்கள். மெமரிப் பாதை 2 மடங்கு அகலமாகிவிடும்!

2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் சிப்களில்தான் வீடியோவைச் சுருக்கும் தனிப் பகுதியை இன்டெல் முதன்முதலில் வைத்தது. அதற்கு முந்தைய கோர் 2 டூவோ சிப்பில் அது கிடையவே கிடையாது. எல்லாம் சி.பி.யூவின் தலையில்! அதை வைத்திருப்பவர்களுக்கு 360பிதான் கதி. நன்றாகவே ஓடும்!

குரல் மட்டும் போதுமா? ஓபஸ் என்ற ஒலிச் சுருக்கம் விநாடிக்கு வெறும் 6,000 பிட்டிலேயே பேச்சைக் கொண்டு சேர்த்துவிடும்! நெட் தள்ளாடினால் கேமராவை அணையுங்கள். பேச்சு அறுபடாது!

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள். ஒளி அதைக் கடக்க ஆகும் நேரம்? விநாடியின் ஆயிரத்தில் 16 பங்கு! 150 பங்கு வரை தாமதமானாலும் உரையாடல் இயல்பாகவே இருக்கும். கடல்மேல் பழி போடாதீர்கள்!

பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே மக்கள் வீடியோ போனில் பேசிய ஆண்டு 1936! நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு 1964-இல் 3 நிமிடம் முகம் பார்த்துப் பேசக் கட்டணம் 16 டாலர்! 1994-இல் வந்த குவிக்கேம் வெப்கேம் காட்டிய நிறங்கள் மொத்தம் 16, அத்தனையும் சாம்பல்!

குரோமுக்கென்றே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருப்பது தெரியுமா? ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப் எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று வரிசையாக வந்து நிற்கும்! பெருந்தீனிக்காரர்களை மூடிவிட்டு, இன்று ராத்திரி பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்!