கோதுமை ஒவ்வாத வயிற்றுக்கும் நம் ஊரில் விருந்துண்டு



சம்பளம், போனஸ், குடியிருப்பு, மருத்துவ விடுப்பு என்று எத்தனையோ விஷயங்களை நாம் இங்கே பேசி வருகிறோம். இன்று சோற்றுத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். "சங்கக்காரருக்கு அடுப்பங்கரையில என்ன வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். தொழிலாளி விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போவதெல்லாம் ஒரு சாண் வயிற்றுக்காகத்தானே! அந்த வயிறே மக்கர் பண்ணினால் மற்ற கோரிக்கைகளை எந்தத் தெம்போடு கேட்பது?

கோதுமை சிலருடைய உடம்புக்கு ஆகாது. சாப்பிட்டால் குடல் கெடும், ரத்தம் குறையும், பிள்ளையாக இருந்தால் வளர்ச்சி நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'சீலியாக்' நோய் என்று பெயர். "அது வெள்ளைக்காரன் சீக்கு, நமக்கு ஏன் வரப்போகிறது?" என்று இருந்துவிட முடியாது. வந்தவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

மாவுக்குள்ளே ஒரு ரப்பர்

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, தண்ணீரில் விட்டுக் கசக்கிக் கசக்கி அலசுங்கள். வெள்ளைத் தண்ணீராக மாவுச்சத்து போய்விடும். கடைசியில் கையில் நிற்பது இழுத்தால் நீளும் ஒரு பிசின். பார்ப்பதற்கு அச்சு அசல் ஒட்டுப்பால்தான்! அதன் பெயர் குளுட்டன். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை விசிறி வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அது இந்தப் பிசின் செய்யும் வேலை. கோதுமையோடு பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் இந்த இனத்துப் புரதம் இருக்கிறது.

பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சிலருடைய உடம்பு இதை எதிரியென்று நினைத்துப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவர்களுடைய சொந்தக் குடலே. சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சுவதற்காக மெல்லிய விரல்கள் போன்ற முனைகள் இருக்கின்றன. அவை தேய்ந்து சப்பையாகிவிடும். அப்புறம் என்னதான் சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பிசம், ஓயாத அசதி, வாய்ப்புண், இரும்புச்சத்து மாத்திரை தின்றும் தீராத ரத்தச்சோகை ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு அடையாளமே வெளியில் தெரியாமலும் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் பசியோடு சேர்ந்ததுதான். ஹாலந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930-களிலேயே கோதுமையின் மேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில், மற்றவர்கள் வாடிக்கொண்டிருக்க, இந்த நோய்ப் பிள்ளைகளோ தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. அதே யுத்த காலத்தில் இங்கே மலாயாத் தோட்டங்களில் அரிசி இல்லாமல் நம் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தக் கொடுமை யாருக்கும் திரும்ப வரக்கூடாது. ஆனால் கிழங்கு ஒரு முழு வயிற்றைக் காக்கும் என்பதற்கு நம் குடும்பங்களே சாட்சி.

நம்மவர்களுக்கும் உண்டா?

உண்டு. இந்தியாவில் ராமகிருஷ்ணா என்ற மருத்துவரின் குழு 20,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. இந்த நோய்க்கான ரத்த அடையாளம் வட இந்தியாவில் ஆயிரத்தில் சுமார் 12 பேரிடம் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். வடக்கே தினசரி உணவே கோதுமை, தெற்கே அது பேருக்குத்தான்.

மலேசியாவின் கணக்கு வேறு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்நாட்டின் ஆரோக்கியமான இளையோர் 562 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாக அந்த அடையாளம் இருந்தது. ரத்தத்தில் அடையாளம் இருந்தாலே நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் யோசிக்க வேண்டிய கணக்கு. நம் பாட்டன் சாப்பிட்டது சோறும் கேப்பையும். நாம் பசியாறுவது ரொட்டி சானாய், மத்தியானம் மீ கோரிங், நாலு மணிக்கு பிஸ்கட். கோதுமை விளையாத நாட்டில் இருந்துகொண்டு மூன்று வேளையும் கோதுமை!

கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தோழரின் மனைவியை நமக்குத் தெரியும். நாலைந்து ஆண்டுகளாக ரத்தச்சோகை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், கோயிலில் கயிறு கட்டினார்கள், "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றும் ஒருவர் வாய் கூசாமல் சொன்னார். கடைசியில் ஒரு மருத்துவர் சரியான சோதனைக்கு எழுதிக் கொடுக்க, விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்கு நாம் போனபோது அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ரொட்டியும் கூடாது, மீயும் கூடாதுன்னா, நான் வாழ்நாள் பூரா எதைத்தாங்க திங்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை கடைகடையாக விசாரித்தோம். பதில் நம் மூக்குக்கு முன்னாலேயே இருக்கிறது.

காலை முதல் இரவு வரை

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை. தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளியின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவரின் பெயர் தாங்கிய சாலை அது. காலையில் அந்தப் பக்கம் போனால் இட்லியும் தோசையும் ஆவி பறக்கின்றன. அரிசியும் உளுந்தும் தவிர அவற்றில் வேறென்ன? இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவோடும் சிவப்புச் சீனியோடும் கட்டித் தருகிறார்கள். மலாய்க்காரரும் சீனரும் 'புத்து மாயாம்' என்று கேட்டு வாங்கும் பண்டம் அது. அரிசிப் புட்டு இருக்கிறது. ஓரம் மொறுமொறு என்று, நடுவில் பஞ்சு போல, தேங்காய்ப்பால் அப்பம் இருக்கிறது. வாழையிலையில் மடித்த நாசி லெமாக்கைப் பிரித்தால் தேங்காய்ச் சோறு, நெத்திலி, கச்சான், முட்டை, வெள்ளரிக்காய். இதெல்லாம் பத்தியச் சாப்பாடா? ராஜாவும் ஆசைப்படும் சாப்பாடு!

மத்தியானம் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு வாருங்கள். வாழையிலைச் சோறு, மீன் கறி, கீரை, மோர், ஆட்டிறைச்சிப் பிரட்டல். ஊற்றிப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டால் ரொட்டி ஞாபகம் எங்கே வரும்?

சாயங்காலம் அவித்த கச்சான், கடலைச் சுண்டல், செண்டோல். இரவுச் சந்தைக்குப் போனால் மூங்கிலில் சுட்ட லெமாங். அது 'புளூட்' அரிசி, ஒட்டும். ஒட்டுவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அரிசியின் பசை வேறு, கோதுமையின் பிசின் வேறு.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி, வாழை, முருங்கை. கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் தூவினால் பசியாற அது போதும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுகிறோமே கேப்பைக் கூழ், அதை ஆடிக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும்? கேப்பை, கம்பு, தினை எல்லாமே கோதுமைப் பிசின் இல்லாத தானியங்கள். நம்மிடையே நீரிழிவு அதிகம். ஆகவே மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றையே அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், தட்டில் காய்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டுவது நல்லது.

ஒளிந்திருக்கும் மாவு

இனிமேல்தான் கவனம் வேண்டும். கோதுமை பல வேஷங்களில் ஒளிந்து வருகிறது.

முதல் ஆள் தோசைக்கல். ரொட்டி சானாய் சுட்ட அதே கல்லில் தோசை ஊற்றினால் மாவு ஒட்டிக்கொள்ளும். "அண்ணே, இந்தக் கல்லுல ரொட்டி சுடுவீங்களா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். "தோசைக்குத் தனிக்கல்லு தங்கச்சி" என்று சொல்லும் கடையில் உட்காருங்கள். வடை நல்லதுதான். ஆனால் சமோசா பொரித்த எண்ணெயில் அதுவும் நீந்தியிருக்கக்கூடாது. பாகற்காய்ப் பொரியலிலும், பொரித்த கோழியிலும், வாழைப்பழப் பொரியலிலும் என்ன மாவு தோய்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்தவர் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஆகவே சாம்பார், ரசம், முறுக்கு எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும். அரிசி மாவு கலந்ததும் உண்டு, டப்பாவைப் படித்து வாங்குங்கள். சோயா கிச்சாப்பிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மீகூனும் கோயித்தியாவும் அரிசியில் செய்தவையாக இருந்தாலும் கிச்சாப் ஊற்றிப் பிரட்டினால் காரியம் கெட்டது. "கிச்சாப் ஜாங்ஙான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீன் உருண்டையிலும் மாவு இருக்கலாம்.

விரத நாளில் இன்னொரு பொறி. சைவக் கடையில் ஆடு, கோழி, வாத்து என்று போலி இறைச்சி விற்கிறார்களே, அதில் பல வகைகள் அந்தக் கோதுமைப் பிசினாலேயே செய்தவை! பாயசத்துக்குச் சேமியா வேண்டாம், சவ்வரிசி போடுங்கள். ரவை கேசரிக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல்.

பிள்ளைக்குச் சத்து என்று கரைத்துக் கொடுக்கும் மைலோவில் பார்லி மால்ட் உண்டு. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும். வெயிலுக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. பீரும் ஸ்டவுட்டும் அதே பார்லி. "அப்படின்னா கள்ளு குடிக்கலாமே" என்று சில அண்ணன்மார்கள் சட்டம் பேசக்கூடும். கள்ளில் கோதுமை இல்லைதான். ஆனால் குடும்பத்தைக் கெடுக்க அதற்குக் கோதுமையின் துணை தேவையில்லை!

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி கோதுமை, பார்லி போன்ற தானியங்கள் கலந்திருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும். 'கண்டும்' என்றால் கோதுமை. 'தெப்போங் கண்டும்' கோதுமை மாவு. 'தெப்போங் பெராஸ்' அரிசி மாவு. இந்த மூன்று சொற்களைத் தமிழில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பணமும் உரிமையும்

பேரங்காடியில் 'குளுட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட இறக்குமதி ரொட்டியும் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. சாதாரண ரொட்டியைவிட விலை பல மடங்கு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் பஸ் காசு, கடன் எல்லாம் போக, ஒரு ரொட்டிக்கு அவ்வளவு கொடுக்க யாரால் முடியும்? கொடுக்கவும் தேவையில்லை. அரிசி மாவும் உளுந்தும் கேப்பையும் இருக்கும் வீட்டில் அந்த ரொட்டி இல்லாமலே விருந்து நடக்கும்.

இதைப் படித்ததும் நாளைக் காலையே ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். இதுதான் மிக முக்கியம். கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போனால் ரத்தத்தில் அடையாளம் மறைந்துபோகலாம், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே முதலில் அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். உங்கள் தொல்லைகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள், "எனக்குக் கோதுமை ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு டாக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். ரத்தச் சோதனை, தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது, இதுதான் முறை. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களையும் பார்ப்பது நல்லது. இது குடும்பத்தில் தொடரும் நோய். மருந்து கிடையாது, உணவுக் கட்டுப்பாடுதான் மருந்து. அதை ஆயுள் முழுக்கக் காக்க வேண்டும்.

சோதனைக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று தயங்காதீர்கள். மருத்துவர் விடுப்புக் கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. தொழில் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை தனி. தண்டலோ கிராணியோ முகம் சுளித்தால் உங்கள் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

கோயில் கமிட்டியாருக்கும், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்காரருக்கும், சங்கக் கூட்டங்களில் தேநீர் ஏற்பாடு செய்யும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூறு பேருக்கு ரொட்டியும் கரிபாப்பும் வைக்கும் மேசையில், தனிக் கரண்டியோடு ஒரு தட்டு இட்லியோ அவித்த கிழங்கோ வையுங்கள். செலவு பெரிதில்லை. சாப்பிடாமல் ஓரமாக நிற்கும் பிள்ளையைப் பார்த்து "ரொம்பத்தான் பிகு பண்ணுது" என்று சொல்லாதீர்கள். அதன் வயிறு படும் பாடு அதற்குத்தான் தெரியும்.

நாம் சொன்ன அந்த அம்மா இப்போது காலையில் இடியாப்பம் பிழிகிறார். வீட்டுக்காக ஆரம்பித்தது, பக்கத்து வீடுகளும் கேட்டு வாங்குகின்றன. ரத்தம் ஏறியிருக்கிறது, முகத்தில் களை வந்திருக்கிறது. தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஓயாத வயிற்றுப்போக்கோ, தீராத ரத்தச்சோகையோ, வளராத பிள்ளையோ இருந்தால் நாளை மறுநாள் என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே மருந்தகத்துக்குப் புறப்படுங்கள்!