சிறு பட்டறைக்கேற்ற ரூட்டர் பொறி

பிறர் கொண்டுவரும் மரவேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளிலும் இன்று சி.என்.சி. ரூட்டர் இடம்பெற்று வருகிறது. அலமாரிப் பலகைகளை அறுத்தல், பெயர்ப்பலகையில் எழுத்துச் செதுக்குதல், கதவில் பூவேலை செய்தல் ஆகிய அனைத்தையும் இவ்வொரு பொறியே முடித்துவிடும். ஆயினும், கடன்பட்டு வாங்கிய பொறி வரும் வேலைக்குப் பொருந்தாவிடின், மாதத் தவணையே பட்டறையை விழுங்கிவிடும். ஆதலின் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம்.

எண்களால் பொறியை இயக்கும் கருத்து அமெரிக்காவில் தோன்றியது. மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டருக்கான சுழல் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பார், வளைவுகளை எண்களாகக் குறித்து, அவ்வெண்களைக் கொண்டே வெட்டும் கருவியை நகர்த்தலாம் எனக் கருதினார். 1949-இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தது. 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவால் இயங்கும் உலோக வெட்டுப் பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். நாடாவின் இடத்தைப் பின்னர்க் கணினி பெற்றது. ரூட்டர் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் ஸ்பிண்டிலில் பூட்டிய பிட், விரைந்து சுழன்றவாறே நீளம், அகலம், ஆழம் என மூன்று திசைகளிலும் நகர்ந்து வெட்டுகிறது.

வாங்கச் செல்வோர் பெரும்பாலும் முதலில் வினவுவது, ஸ்பிண்டில் எத்தனை குதிரைத்திறன் என்பதே. அதற்கு முன், கடந்த ஓராண்டில் தம் பட்டறைக்கு வந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். எட்டடிக்கு நான்கடிப் பலகையே மிகுதி எனின், 1220 மி.மீ. அகலமும் 2440 மி.மீ. நீளமும் உள்ள முழுப் பலகையை ஏற்கும் மேசை தேவை. சிறு பெயர்ப்பலகைகளே மிகுதி எனின், அத்துணைப் பெரிய மேசை இடத்தையும் பணத்தையும் வீணே அடைத்துக்கொள்ளும்.

அடுத்து நோக்கத்தக்கது, பொறி எத்துணை விரைவாக வெட்டிக்கொண்டே நகரவல்லது என்பது. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். இரண்டு வெட்டுமுனைகள் உள்ள பிட் நிமிடத்திற்கு 18,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு முனையும் 0.25 மி.மீ. மரத்தைச் சீவவேண்டும் எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 9,000 மி.மீ. வரும். அதாவது, பொறி நிமிடத்திற்கு 9 மீட்டர் நகரவேண்டும். இலேசான சட்டமுடைய பொறி 3 மீட்டர்தான் நகரும் எனின், ஒவ்வொரு முனைக்கும் 0.08 மி.மீ. அளவே கிடைக்கும். அப்போது பிட் மரத்தைச் சீவாமல் தேய்க்கும், சூடேறும், மரம் கருகும், பிட்டும் விரைவில் மழுங்கும். சட்டம் உறுதியற்றதாயின் ஸ்பிண்டிலின் குதிரைத்திறன் பயன்படாது என்பது இதனால் விளங்கும்.

மோட்டார்களிலும் வேறுபாடு உண்டு. எளிய ஸ்டெப்பர் மோட்டார், சுமை மிகுந்து ஓரடி தவறினாலும் அதனை அறியாது. பிழையுடனேயே பலகை முழுவதையும் வெட்டி முடித்துவிடும். சர்வோ மோட்டார் தன் இருப்பிடத்தை இடைவிடாது அளந்துகொண்டிருப்பதால், வழி பிறழ்ந்தால் நின்றுவிடும். விலையுயர்ந்த பலகையை வெட்டுவோர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

பலகையை அசையாமல் பிடித்தலே பலரும் மறக்கும் செய்தி. காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் மேசையில், பிடிப்பு முழுவதும் பரப்பளவைப் பொறுத்தது. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதில் பாதியே வாய்த்தாலும் முழுப் பலகை மலைபோல் நிற்கும். ஆனால் 5 செ.மீ. சதுரத் துண்டிற்குக் கிடைப்பது 12 கிலோகிராம் அளவே. பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க அது போதாது. ஆதலின் சிறு துண்டுகள் வெட்டுவோர், அடியில் மெல்லிய தோல்போல் சிறிது மரத்தை விட்டு வெட்டிப் பின்னர்ப் பிரித்தெடுப்பர். அல்லது திருகாணியால் இறுக்குவர்.

விலைப்பட்டியலில் காணாத செலவுகளும் உள. மும்முனை மின்சாரம், உறிஞ்சு பம்பு, தூசு வாங்கும் கருவி, மென்பொருள் ஆகியவை அவை. தூசுக் கருவியை ஆடம்பரம் என எண்ணலாகாது. மரத்தூசு புற்றுநோய் விளைப்பது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. மென்பொருள், வரைபடத்தை ஜி-கோடு என்னும் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. ஒரே மொழிக்குப் பல வட்டார வழக்குகள் இருத்தல்போல், ஜி-கோடும் பொறிக்குப் பொறி சிறிது மாறுபடும். வாங்கும் பொறியின் வழக்கை மென்பொருள் அறியுமா என்று முன்னரே கேட்டறிக.

பணம் கொடுக்குமுன் தம் பலகையையே கொண்டுசென்று, அப்பொறியில் 300 மி.மீ. சதுரம் ஒன்றும் வட்டம் ஒன்றும் வெட்டச் செய்தல் வேண்டும். சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் 424.3 மி.மீ. அளவில் ஒத்திருத்தல் வேண்டும். வட்டத்தின் விளிம்பில், பொறி திசை திரும்பும் நான்கு இடங்களில் படிபோன்ற தழும்பு காணப்படின், பற்களிலோ திருகிலோ தளர்ச்சி உண்டு என அறியலாம். விற்பவர் காட்டும் அழகிய மாதிரிகளைவிட இவ்விரு துண்டுகளும் உண்மையை உரைக்கும். வேலையை அறிந்து பொறியைத் தேர்ந்தவருக்கு அது கை கொடுக்கும். பொறியை வாங்கியபின் அதற்கேற்ற வேலையைத் தேடி அலைபவருக்கோ அது சுமையே ஆகும்.