கடை இன்டர்நெட்டை வாடிக்கையாளருக்குத் தரலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் ஷூ கம்பெனி விட்டு மாலையில் வருகிறவர்களை நம்பியே பல மளிகைக் கடைகள் நடக்கின்றன. சாமான் கட்டும் நேரத்தில், "அண்ணே, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று நாள்பட்ட வாடிக்கையாளர் கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால் பில் போடுவதற்காக நாம் வாங்கிய இணைப்பைப் பிறருக்குத் தரலாமா? காசு வாங்கலாமா?

பாஸ்வேர்டில் உள்ள பொறுப்பு

இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் அடையாளச் சான்றின் பேரில் தரப்பட்டது. அதன் வழியே யார் எதை அனுப்பினாலும் வெளியே தெரிவது உங்கள் இணைப்பின் எண்தான். புகார் எழுந்தால் விசாரணை முதலில் உங்கள் கடைக்கே வரும். சாதாரண இணைப்பை மறுவிற்பனை செய்யக் கூடாது என்பதும் கம்பெனிகள் வழக்கமாக விதிக்கும் நிபந்தனை.

முறையான வழி

இதற்காகவே 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை பி.எம்.வாணி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அன்று எஸ்.டி.டி. பூத் நடத்தியதைப் போல, இன்று கடைக்காரர் 'பொதுத் தரவு அலுவலகம்' (பி.டி.ஓ.) நடத்தலாம். கடைக்காரருக்கு லைசென்ஸ், பதிவு, பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனத்துடன் சேர்ந்தால், பயன்படுத்துவோரைச் சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் அதன் பொறுப்பு.

கட்டணத்தில் வந்த சிக்கல்

திட்டம் நல்லதாயினும், பி.டி.ஓ. என்றதும் விலை கூடிய லீஸ்டு லைன்தான் எடுக்க வேண்டும் என்று கம்பெனிகள் வற்புறுத்தின. சிறு கடைக்கு அது கட்டுப்படியாகுமா? டிராய் 2025 ஜூனில் இதற்கு உத்தரவு பிறப்பித்தது. 200 எம்.பி.பி.எஸ். வரையிலான ஃபைபர் திட்டங்களைப் பி.டி.ஓ.க்களுக்கும் தர வேண்டும்; சாதாரணக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது, மாதம் 500 ரூபாய்த் திட்டத்துக்கு 1,000 ரூபாயே உச்சவரம்பு.

வணிகர்கள் கவனத்துக்கு

கூடுதல் 500 ரூபாயாவது மாதந்தோறும் திரும்புமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். கூட்டம் குறைந்த தெருக்கடைக்கு இது தேவையில்லை; பஸ் நிலையம், தொழிற்சாலை வாசல் அருகில் உள்ளவர்கள் யோசிக்கலாம். கம்பெனியிடம் 'பி.எம்.வாணி பி.டி.ஓ.' என்று எழுத்து மூலமே கேளுங்கள். பில் கம்ப்யூட்டரை வாடிக்கையாளர் வைஃபையில் சேர்க்காதீர்கள். கடன் நோட்டை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை, பாஸ்வேர்டும் அப்படித்தான்.