தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

மோட்டார் எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால், தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது சில பட்டறைகளில் வழக்கம். இந்திய நாட்டு வெயிலுக்கு அது வேண்டாத உறுப்பு என்பது அவர்கள் எண்ணம். இது தவறானது.

தெர்மாஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அமைந்த வால்வு. அதன் உலோகச் சிமிழினுள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. பல வகைகளில், நீர் ஏறத்தாழ 82 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. சுடுநீர் ரேடியேட்டருக்குச் செல்கிறது. வால்வு இல்லையேல் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும், எரிபொருள் வீணாகும், சிலிண்டர் விரைவில் தேயும். வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டாலோ சிலிண்டர் ஹெட் கோணிவிடக்கூடும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் வேண்டும். நீரை வடித்துத் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு நீரில் நூலால் தொங்கவிட்டு, வெப்பமானியை உடன் வைத்துச் சூடேற்றுக. அதன்மீது பொறித்துள்ள உஷ்ணநிலையை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூடினால் அது பழுதற்றது. இன்றேல், அதே உஷ்ணநிலைக்குரிய புதியதை, மெழுகுச் சிமிழ் எஞ்சின் பக்கம் இருக்குமாறு, புதிய கேஸ்கெட்டுடன் பொருத்துக.

இச்சோதனையை ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டலாம். மெழுகு உருகும்போது விரிவடையும் உண்மையை மாணவர் கண்கூடாகக் காண்பர்.