விடுமுறை யாருக்கு?

விடுமுறை என்றதும் முகம் மலராத மாணவர் உளரோ? ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும், ஒரு நாளை விடுமுறையாக்குவது எத்துணைச் சிக்கலான கருமம் என்பதை, இரத்மலானையில் எங்கள் மாணவர் பாராளுமன்றம் அண்மையில் எனக்கு உணர்த்திற்று.

ஆண்டில் ஒரு நாளைக் 'குடிமக்கள் தினம்' என்று பிரகடனம் செய்து, நாடெங்கும் விடுமுறை அளித்தல் வேண்டும் என்பது பிரேரணை. இன, சமய பேதமின்றி எல்லோரும் கூடி மரம் நடவும் தெருக்களைத் துப்புரவு செய்யவும் ஒரு நாள் வேண்டாமா என்று முழங்கினான் முன்மொழிந்த மாணவன். கரகோஷம் எழுந்தது. எதிர்ப்பின்றி நிறைவேறிவிடும் என்றே எண்ணினேன்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சபாநாயகர் அவர்களே, என் தந்தையார் நாட்கூலிக்கு வேலை செய்பவர். அன்றைய கூலியை யார் கொடுப்பார்?" என்று கேட்டான். சபை அடங்கிற்று.

ஒருவருக்கு ஓய்வாகும் நாள் மற்றொருவருக்கு இடராகலாம் என்பதை நம் நாடு முன்னரே பட்டறிந்திருக்கிறது. அந்நியராட்சியில் ஞாயிறே ஓய்வு நாள். பௌத்தர்களின் கோரிக்கையை ஏற்று 1885இல் வெசாக் பௌர்ணமி விடுமுறையாக்கப்பட்டது. 1966 ஜனவரியில் டட்லி சேனநாயக்கா அரசாங்கம் அதற்கும் அப்பாற் சென்று, ஞாயிறுக்குப் பதிலாக மாதத்தின் நான்கு போயா தினங்களை வார விடுமுறையாக்கிற்று. பெரும்பான்மையோரின் வழிபாட்டு நாளை மதிக்கும் அந்நோக்கில் நியாயம் இருந்தது. ஆனால் சந்திர மாதம் ஏறக்குறைய 29½ நாள். அதனை நான்காகப் பகுத்தால் வாரம் ஏழு நாளில் அடங்குமா? விடுமுறைகளுக்கு இடைப்பட்ட காலம் ஒருகால் ஏழு நாளாகவும் ஒருகால் எட்டு நாளாகவும் மாறிற்று. கொழும்பு வணிகர் வேலை செய்த ஞாயிறன்று இலண்டன் வங்கிகள் மூடிக் கிடந்தன. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கோ பூசை நாளே வேலை நாளாயிற்று. 1971இல் ஞாயிறு மீண்டும் வார விடுமுறையாயிற்று. பௌர்ணமி தினம் மட்டும் இன்றும் விடுமுறையாக நிலைத்திருக்கிறது.

இவ்வரலாற்றை நான் மாணவருக்கு எடுத்துரைத்தேன். முன்மொழிந்தவனே மீண்டும் எழுந்து, "கூலியுடன் கூடிய விடுமுறை" என்று பிரேரணையைத் திருத்தினான். உடனே மற்றொரு மாணவன், "வெள்ளவத்தையில் எங்கள் சிறு கடை ஒரு நாள் மூடினாலே நட்டம். கடையையும் மூடி, ஆட்களுக்குக் கூலியும் கொடுப்பது எவ்வாறு?" என்றான். அதற்கு எவரிடமும் விடை இல்லை. பிரேரணை தெரிவுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

மாதச் சம்பளம் பெறும் எனக்கு, விடுமுறையால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமற் போகலாம் என்பது அதுகாறும் தோன்றவேயில்லை. என் மாணவன் கேட்டபோதே தோன்றிற்று.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு நாட்காட்டியைச் சற்றுப் பாருங்கள். அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். இவற்றுள் எதிலும் சேராதவர் யார் என்று இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் விடை தேடத் தொடங்கினால், குடிமக்கள் தினத்தின் பயன் விடுமுறையின்றியே கிட்டிவிடும்.