வீட்டு போர்ச்சில் டர்போ இன்ஜின்: சாமான் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் பக்கம் வரிசை வீடுகள் இருக்கும் தாமான்களில் இது புதிய காட்சி இல்லை. போர்ச்சில் பழைய புரோட்டோன் வீரா அல்லது சத்ரியா நிற்கும். பானெட் கழற்றப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு இன்ஜின், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும். கேட்டால் ஒரே பதில்: "டர்போ போடுறோம் பாஸ்."

இது முடியுமா? முடியும். மலேசியாவில் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பாதியில் நின்றுபோகும் கார்களும் உண்டு, முதல் மாதத்திலேயே பிஸ்டன் உடையும் கார்களும் உண்டு. பல மாதச் சம்பளம் ஒரே இரவில் புகையாகப் போவதும் நடக்கிறது. எது சரியாகப் போகிறது, எது தவறாகப் போகிறது என்று பார்ப்போம்.

வீராவுக்கும் டர்போவுக்கும் என்ன உறவு?

1993-இல் வெளிவந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சர் காரின் அடிப்படையில் உருவானது. அதே தலைமுறை லான்சரில் ஜப்பானில் 'ஜிஎஸ்ஆர்' என்ற டர்போ வகை விற்பனையானது. அதன் இன்ஜின் 4ஜி93டி.

நம் ஊரில் 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ-யில் இருப்பதும் 4ஜி93 குடும்ப இன்ஜின்தான். ஆனால் அதில் டர்போ கிடையாது. இரண்டுமே 1,834 சிசி. டர்போ இல்லாதது சுமார் 140 எச்.பி. தரும். டர்போ உள்ளது 195 எச்.பி.யில் தொடங்குகிறது. அளவு மாறாமல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் சக்தி.

இன்னும் மேலே போக விரும்புவோர் லான்சர் எவோவின் 2.0 லிட்டர் 4ஜி63டி இன்ஜினைத் தேடுவார்கள். அதன் பிளாக் வார்ப்பிரும்பு. கனமானது, ஆனால் அடி தாங்கும். எவோவின் முதல் ஒன்பது தலைமுறைகளும் இந்த இன்ஜினில்தான் ஓடின.

இந்த உறவு பந்தயத்திலும் உண்டு. 2002-இல் மலேசியாவின் கரம்ஜித் சிங், எவோவை அடிப்படையாகக் கொண்ட 'புரோட்டோன் பெர்ட்' காரில் உலக ராலியின் புரொடக்‌ஷன் கார் பிரிவுப் பட்டத்தை வென்றார். உள்ளூர் இளைஞர்களுக்கு அது வெறும் செய்தி அல்ல. "நம்ம வீட்டு காரும் அந்தக் குடும்பம்தானே" என்ற எண்ணத்தை அது விதைத்தது.

இந்த இன்ஜின்கள் எப்படி இங்கே வருகின்றன?

'ஹாஃப்கட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானில் பழைய காரை வைத்திருப்பது செலவு. புதிய காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் முடியும்போதும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதனால் ஓடக்கூடிய நிலையில் உள்ள கார்களே கழிக்கப்படுகின்றன. முன்பாதி வெட்டப்பட்டு, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்து கப்பலில் வருகிறது.

ஹாஃப்கட் வாங்குவதில் ஒரு வசதி: எல்லாச் சாமானும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஒரு சிக்கல்: அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. வாங்கும் முன் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகக் குறைந்திருந்தால், வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

டர்போ உண்மையில் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குச் சக்தி தருவது பெட்ரோல். அந்தப் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. சாதாரண இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடும். டர்போ அதற்கு மேல் காற்றைத் திணிக்கிறது.

திணிப்பதற்கான சக்தி எங்கிருந்து? புகைக்குழாய் வழியே வெளியே போகும் சூடான வாயுவிலிருந்து. அது ஒரு சிறிய டர்பைனைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்தும். நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் இது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்.

1 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் இன்னொரு மடங்கு. கணக்குப்படி காற்று இரட்டிப்பாக வேண்டும். ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். கோலாலம்பூரின் மதிய வெயிலில் 32 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது அது 125 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்திருக்கும், அதில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால்தான் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர். குளிர்நாட்டு வீடியோவில் பார்த்த பூஸ்ட் அளவை அப்படியே நம் ஊரில் வைத்தால் அதே பலன் வராது. ஆபத்தும் கூடும்.

சும்மா டர்போவை மட்டும் மாட்டிட்டா போதாதா?

போதாது. காரணம் 'நாக்கிங்'.

ஸ்பார்க் பிளக் பற்றவைத்ததும் தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறினால், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பது போன்றது அது. சாதாரணமாகவே முழு பூஸ்டில் சிலிண்டருக்குள் 80 பார் அழுத்தம் வரலாம். 81 மி.மீ. அகலமுள்ள ஒரு பிஸ்டன்மேல் அது சுமார் 4 டன் சுமை. ஏறக்குறைய நான்கு வீரா கார்களின் எடை. 6,000 ஆர்.பி.எம்-இல் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 50 முறை இது நடக்கிறது. அதன்மேல் நாக்கிங்கும் சேர்ந்தால், தொழிற்சாலை பிஸ்டன் சில வினாடிகளில் உடையலாம்.

இதனால்தான் டர்போ இன்ஜின் உள்ளேயிருந்தே வேறு மாதிரி கட்டப்படுகிறது:

- கம்ப்ரெஷன் விகிதம்: 4ஜி93டி-யில் இது 8.5:1. டர்போ இல்லாத இன்ஜின்களில் பொதுவாக இதைவிட அதிகம்.
- பிஸ்டன், கனெக்டிங் ராட்: அதிக பூஸ்டுக்கு ஃபோர்ஜ்டு வகை. இவை சூட்டில் கூடுதலாக விரியும் என்பதால் சிலிண்டரில் கொஞ்சம் தளர்வாக வைக்கப்படும். காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசாகத் தட்டும் சத்தம் கேட்பது அதனால்தான்.
- ரிங் இடைவெளி: 81 மி.மீ. சிலிண்டருக்குச் சாதாரண இன்ஜினில் 0.35 மி.மீ. அளவில் இருக்கும் மேல் ரிங் இடைவெளி, டர்போ இன்ஜினில் 0.5 மி.மீ. வரை போகும். குறைவாக விட்டால் ரிங் சூட்டில் விரிந்து, இரு முனையும் முட்டி, பிஸ்டனையே உடைக்கும்.
- ஹெட் கேஸ்கெட், ஸ்டட்: அழுத்தத்தில் சிலிண்டர் ஹெட் தூக்காமல் பிடித்துவைப்பது இவைதான்.
- இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப்: 300 எச்.பி. இலக்கு என்றால், நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு நிமிடத்திற்கு சுமார் 600 சிசி தரும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் வேண்டும்.

வீட்டில் எது முடியும், எது முடியாது?

சிலிண்டரை போர் செய்து ஹோன் போடுவது, ஹெட்டைச் சமமாக்குவது, கிராங்க்‌ஷாஃப்ட் பேலன்ஸ் பார்ப்பது ஆகியவை வீட்டு வேலை இல்லை. அதற்கென இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். பந்தய இன்ஜின் என்று சொல்லிக் கொடுங்கள். பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் அதை அளந்துதான் சிலிண்டரை வெட்ட வேண்டும்.

அளப்பது, பொருத்துவது, முறுக்குவது ஆகியவற்றை வீட்டில் செய்யலாம். ஆனால் அளவுக் கருவி இல்லாமல் தொடங்க வேண்டாம். மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச் ஆகிய நான்கும் அடிப்படை. கிராங்க்‌ஷாஃப்ட் பியரிங்கில் எண்ணெய் ஓட விடும் இடைவெளி, 50 மி.மீ. தண்டுக்கு 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. "கைக்குத் தெரியும் பாஸ்" என்பது இங்கே செல்லாது.

அடுத்தது சுத்தம். பட்டறையிலிருந்து வந்த பிளாக்கில் உலோகத் தூள் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு, எண்ணெய்த் துளைகள் உட்பட கழுவி, காற்றடித்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். திறந்த போர்ச்சில் காற்றோடு மண் வரும். வேலை நின்றால் இன்ஜினைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள்.

உங்கள் உயிரும் முக்கியம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் போடுங்கள். பெட்ரோல் லைன் திறந்திருக்கும்போது பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. சாமி விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. பழைய இன்ஜின் எண்ணெய் மலேசியச் சட்டத்தில் அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்.டபிள்யூ. 305. சாக்கடையில் ஊற்றாமல், அதைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. அவ்வளவுதானா?

இல்லை. இன்ஜின் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது இனிமேல்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப்பை நிறுத்தி, எண்ணெய் அழுத்தம் வரும்வரை இன்ஜினைச் சுற்ற வேண்டும். காய்ந்த பியரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் அந்த நிமிடமே தேய்மானம் தொடங்கிவிடும்.

பிறகு டியூனிங். எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் ஸ்பார்க் என்பதை முடிவு செய்வது இசியு. டர்போ போட்ட பிறகு பழைய இசியு-வின் கணக்கு எடுபடாது. ஹால்டெக், லிங்க், மோடெக் போன்ற தனி இசியு-வைப் பொருத்தி, டைனோ இயந்திரத்தின்மேல் காரை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக பூஸ்ட்டைக் கூட்டுவார்கள். முழு பூஸ்டில் கலவை 14.7 அல்ல, 11.5 முதல் 12 வரை வைக்கப்படும். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும்.

எந்தப் பெட்ரோலில் டியூன் செய்தீர்களோ அதையே ஊற்ற வேண்டும். ரோன் 97-க்கு டியூன் செய்த இன்ஜினில், மாதக் கடைசி என்று ரோன் 95 ஊற்றி முழு பூஸ்டில் மிதித்தால் நாக்கிங் வரும். பழுதுபார்ப்பின் செலவு, மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

காரின் இன்ஜின் எண், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-வின் பதிவில் உள்ளது. வேறு இன்ஜின் போட்டால் அனுமதி பெற்று, பரிசோதனைக்குக் கொண்டுபோய், பதிவை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால், சாலைத் தடுப்பில் சிக்கும்போது கார் பறிமுதல்வரை போகலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் காப்புறுதி. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. உங்கள் காரும் போய், எதிர்த் தரப்பின் செலவும் தலையில் விழலாம்.

அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இயற்பியலைப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தைவிட 141 கி.மீ. வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் இரட்டிப்பு. அதை அடக்க வேண்டியது அதே பழைய பிரேக். ஃபெடரல் நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் போவது யாருடைய அப்பாவோ, யாருடைய தங்கச்சியோ. அதனால் விவரம் தெரிந்த ஃபோர்மேன்கள் டர்போவுக்கு முன் பிரேக், டயர், சஸ்பென்ஷனைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள்.

அப்போ எங்கதான் ஓட்டுறது?

ஒரு காலத்தில் ஷா ஆலாமில் பத்து தீகா ஓடுதளம் இருந்தது. இப்போது அது இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்போருக்கு மிச்சமிருப்பது 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் அனைத்துலக ஓடுதளம். 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். 2017 வரை ஃபார்முலா 1 நடந்த அதே இடத்தில், டிராக் டே நாள்களில் கட்டணம் கட்டிப் பொதுமக்களும் ஓட்டலாம். ஹெல்மெட் கட்டாயம். எண்ணெய் ஒழுகும் காரை உள்ளே விடமாட்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம்தான். செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்ஜினுக்கு ஒதுக்கும் பட்ஜெட்டிலேயே இரண்டு டிராக் டே-வையும் சேர்த்துவிட்டால், சாலையில் சோதித்துப் பார்க்கும் ஆசைக்கு இடமிருக்காது.

இதனால் என்ன பிரயோஜனம்?

அம்மா கேட்கும் கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. காரின் விலையைவிட அதிகமாக இன்ஜினில் போடும் பணம், விற்கும்போது திரும்பி வராது.

ஆனால் 0.01 மி.மீ. வரை அளக்கக் கற்ற கை, வயரிங் படத்தைப் படிக்கும் கண், டைனோ வரைபடத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கும் அறிவு ஆகியவற்றுக்குச் சந்தை உண்டு. வாகனத் துறையில் எஸ்.கே.எம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற கியாட்மாரா, ஐ.எல்.பி போன்ற பயிற்சி நிலையங்களில் வழி இருக்கிறது. போர்ச்சில் தானாகக் கற்றவர்கள், அனுபவத்தைக் காட்டித் திறன் சான்றிதழுக்கு மதிப்பீடு பெறும் முறையும் உண்டு.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், முதலில் டர்போ வாங்காதீர்கள். டர்போ இல்லாத ஒரு பழைய 4ஜி93-ஐப் பிரித்து, ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதி, மறுபடியும் சேர்த்து ஓட வையுங்கள். அது ஒழுங்காக எண்ணெய் அழுத்தம் காட்டி, ஒழுகாமல் ஆறு மாதம் ஓடினால், அடுத்த இன்ஜினுக்கு நீங்கள் தயார்.