மருந்து தெளிக்கும் முன் தண்ணீரால் அளந்து பாருங்கள்

மலையகத்தில் புதிய வீட்டுடன் பலருக்கு வழங்கப்பட்ட காணி 7 பேர்ச் அளவுடையது. வீடு, கழிவறை, நடைபாதை போக, பயிர் செய்ய 4 பேர்ச் அளவு மிஞ்சலாம். ஆனால் கடையில் கிடைக்கும் மருந்து டாங்கி 16 லீற்றர் கொள்ளும். அதை நிரப்பிக் கலந்தால் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதை அதே கீரைக்கும் போஞ்சிக்கும் மீண்டும் அடித்தால், அது உங்கள் சட்டிக்கு வரும். கானில் ஊற்றினால் ஓடைக்குப் போகும். கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

தேயிலை மலையில் மருந்து அடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். அங்கே அளவைச் சொல்ல மேலே ஆள் இருந்தார். வீட்டுத்தோட்டத்தில் அந்தக் கணக்கு உங்கள் கையில். அதைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரமும் சுத்தமான தண்ணீரும் போதும்.

அளந்து பார்க்கும் முறை

1. டாங்கியை நன்றாகக் கழுவுங்கள். களைநாசினி அடித்த டாங்கியை மரக்கறிக்குப் பாவிக்க வேண்டாம்.

2. தெளிமுனையைச் (நொசில்) சோதியுங்கள். ஒரு நிமிடம் வாளிக்குள் அடித்து, வந்த தண்ணீரை அளவுக் குவளையால் அளக்கவும். அதே வகைப் புதிய முனையைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வந்தால் முனை தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அடைபட்டால் வாயால் ஊதவோ கம்பியால் குத்தவோ வேண்டாம். தண்ணீரில் நனைத்து மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

3. பயிர் உள்ள இடத்தில் 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம் அளந்து குச்சி நடுங்கள். இது ஏறக்குறைய 2 பேர்ச்.

4. டாங்கியில் 5 லீற்றர் தண்ணீர் ஊற்றி, வழக்கமான வேகத்தில் நடந்து, ஒரே சீராகப் பம்ப் அடித்து அந்த இடம் முழுவதும் தெளியுங்கள். சரிவில் ஏறி இறங்காமல் குறுக்காக நடந்தால் வேகம் மாறாது.

5. மீதித் தண்ணீரை அளந்து 5 லீற்றரிலிருந்து கழியுங்கள். செலவானது எவ்வளவு என்று தெரியும்.

ஓர் உதாரணம்

2 பேர்ச்சுக்கு 2 லீற்றர் செலவானால், 4 பேர்ச்சுக்கு 4 லீற்றர் போதும். அதாவது டாங்கியில் கால் பங்கு.

மருந்தின் லேபலில் ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 160 பேர்ச். 400ஐ 160ஆல் வகுத்தால் பேர்ச்சுக்கு 2.5 மில்லிலீற்றர். 4 பேர்ச்சுக்கு 10 மில்லிலீற்றர். அதை 4 லீற்றர் தண்ணீரில் கலக்க வேண்டும். டாங்கி நிறையக் கலந்திருந்தால் 40 மில்லிலீற்றர் மருந்து போயிருக்கும். அதில் 30 வீண், காசும் வீண். லேபலில் உள்ள அளவு எதுவோ அதை வைத்தே கணக்குப் பாருங்கள். போத்தல் மூடியால் அளக்க வேண்டாம். மூடிகள் ஒரே அளவானவை அல்ல.

கொய்யா, தோடை போன்ற மரங்களுக்கு, முதலில் ஒரு மரத்துக்குத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். இலை நனைந்து, சொட்டத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். செலவான தண்ணீரை அதே அளவான மரங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

மறக்கக் கூடாதவை

• காற்று வீசும்போதும் மழை வரும் நேரத்திலும் அடிக்க வேண்டாம். கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை அணியுங்கள்.
• டாங்கியை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் அதே பயிருக்கே தெளியுங்கள்.
• மருந்தடித்து எத்தனை நாளின் பின் பறிக்கலாம் என்பது லேபலில் உண்டு. அதற்கு முன் பறிக்க வேண்டாம்.
• மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.
• யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்துப் போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, அல்லது மருந்தே தேவையா என்று சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.